இடம் பிடிக்கும் செடிகள்: அறிந்து கொள்வோம், பூக்கு முன்னே பிடுங்குவோம்



மலையில் புல்லு வெட்டுகிற கைகளுக்குக் களையைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. எந்தப் புல் சுரண்டிக்கு அடங்கும், எது வெட்ட வெட்டத் தழைக்கும் என்பது படித்தவர்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தோட்டங்களுக்குப் போகும்போது ஒரே கேள்வியைப் பல இடங்களில் நாம் கேட்டு வருகிறோம். "முன்னே இந்தச் செடி இங்கே இல்லையேங்க. இது எங்கேயிருந்து வந்திச்சு? ஆளெல்லாம் சேர்ந்து வெட்டிப் போட்டோம். ரெண்டு மாசத்துல மறுபடி நிக்குதே!" இந்தக் கேள்விக்குத்தான் இம்முறை பதில் சொல்லப் போகிறோம்.

எது ஆக்கிரமிப்புச் செடி?

வேறு நாட்டிலிருந்து வந்து, நட்ட இடத்தில் நிற்காமல் தானாகப் பரவி, ஏற்கெனவே இருந்த செடிகொடிகளை அமுக்கி இடம் பிடிக்கும் செடியை ஆக்கிரமிப்புச் செடி என்கிறார்கள். சிலர் இதை "வந்தேறிச் செடி" என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நாம் இங்கே பாவிக்கப் போவதில்லை. அந்தச் சொல்லால் மனம் நொந்த பரம்பரை நாம். அதோடு அது சரியான சொல்லும் அல்ல. வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் செய்வதில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் துரை தோட்டப் பயிராக நட்ட தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். நமது வீட்டுத் தோட்டத்து உருளைக்கிழங்கு, கரட், கோவா, போஞ்சி எல்லாமே அப்படி வந்தவைதான். அவை நட்ட இடத்தில் நின்று நமக்குச் சோறு போடுகின்றன. ஆகவே ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதை விட, வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படிப் பரவுகிறது?

ஒரு செடி பிறந்த நாட்டில் அதைத் தின்னும் பூச்சி, புழு, நோய் எல்லாம் கூடவே இருக்கும். அதனால் அது அளவோடு வளரும். கடல் கடந்து வரும்போது செடி மட்டும் வருகிறது, அதன் எதிரிகள் வருவதில்லை. கேட்பாரில்லாத இடத்தில் அது கட்டுமட்டில்லாமல் வளர்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. சல்வீனியா என்ற நீர்க்களை 1939இல் படிப்புத் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அது தப்பிப் போய் வயல்களையும் குளங்களையும் மூடியது. நாற்பது ஐம்பது வருடம் மனிதர் கையால் அதை அடக்க முடியவில்லை. 1986இல் அந்தச் செடியை மட்டுமே தின்னும் ஒரு சின்ன வண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள். பல இடங்களில் சல்வீனியா அடங்கியது.

அழகுக்காகக் கொண்டுவந்து அவதிப்பட்ட கதையும் உண்டு. சிங்களத்தில் ஜப்பன் ஜபர என்றும் தமிழில் ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் செடியை, அதன் ஊதாப் பூவுக்காகத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அது நீர்நிலைகளை அடைக்கத் தொடங்கியதால் 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒரு பூச்செடிக்காகச் சட்டம் வந்ததென்றால், அது செய்த கெடுதலை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நமக்கு இதில் என்ன நட்டம்?

"காட்டுச் செடி காட்டில் வளருது, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நட்டம் நம் வாசலுக்கே வருகிறது.

முதலாவது, தண்ணீர். லயத்துக்கு மேலேயுள்ள ஊற்றுக்கண்ணைச் செடி மூடிவிட்டால் இலையும் தண்டும் விழுந்து அழுகுகின்றன. கான் அடைபட்டுப் பீலியில் தண்ணீர் குறைகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போக வேண்டியவர்கள் நமது பெண்கள்தான்.

இரண்டாவது, வேலை. கொழுந்து மலையில் கொடி ஏறினால் தேயிலை மட்டம் மூடிப் போகும். கொழுந்து குறையும், கைக்கு வேலை கூடும். இறுதியில் கிலோக் கணக்கில் இடிப்பது நமக்குத்தான்.

மூன்றாவது, ஆபத்து. காடாகிப் போன மலையில் குளவிக் கூடு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பாம்பு கிடப்பதும் தெரியாது. குளவி கொட்டி நம் மக்கள் உயிரை விட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம்.

நான்காவது, மாடு. நாயுண்ணி இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் பழுதடையும். கண்ணும் தோலும் மஞ்சளாகும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன நட்டமல்ல.

அடையாளம் கண்டுகொள்வோம்

காட்டுச் சூரியகாந்தி: ரோட்டோரம், மண்மேடு, கைவிட்ட மலை எங்கும் மஞ்சள் பூவோடு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். சிங்களத்தில் வல் சூரியகாந்த என்பார்கள். விதையாலும் பரவும், வெட்டிப் போட்ட தண்டு ஈரத்தில் கிடந்தால் அதுவும் வேர்விடும். இலை நல்ல பசளை. ஆகவே இது ஒழிக்க வேண்டிய எதிரி என்பதை விட, எல்லைக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டிய செடி என்று சொல்லலாம்.

நாயுண்ணி: ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் ரோசாவுமாகச் சின்னச் சின்னப் பூ. தண்டில் சுணை முள். இலையைக் கசக்கினால் காரமான நாற்றம். கறுத்த பழத்தைக் குருவி தின்று தூரத்தில் போடும். சிங்களத்தில் கந்தபான.

மிகானியாக் கொடி: இதய வடிவ இலை, வெள்ளைப் பூ, மெல்லிய கொடி. தேயிலைச் செடியின் மேல் போர்வை போல ஏறி மூடும். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் கணுவிலிருந்து புதுக் கொடியாகும்.

மைக்கோனியா: கண்டிப் பக்கத்து மலைகளில் காட்டோரத்தில் காணப்படும் மரம். இலை மிகப் பெரிது. மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம், நீளத்துக்கு மூன்று நரம்பு. ஒரு சின்னப் பழத்துக்குள்ளே நூற்றுக்கு மேல் விதை. 1937இல் தஹிட்டி என்ற தீவில் அழகுக்காக நட்ட இந்த மரம், பின்னர் அந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பரவிவிட்டது. அதன் நிழலில் ஒன்றும் முளைக்காது, வேரும் ஆழமாகப் போகாது. அதனால் அடியிலே மண் வெறுமையாகக் கிடக்கும். சரிவில் வாழும் நமக்கு இது கவலைக்குரிய விஷயம்.

உலெக்ஸ்: ஹோர்டன் சமவெளியில் உள்ள முட்புதர். இலையே முள்ளாக இருக்கும், பூ மஞ்சள். வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் இதைப் பல வருடங்களாகப் பிடுங்கி வருகிறார்கள். இன்னும் முடிந்தபாடில்லை. காரணம், இதன் விதை மண்ணுக்குள்ளே முப்பது வருடம் வரை சாகாமல் கிடக்கும். பட்டிப்பொல, ஒஹிய பக்கத்தில் வேலை செய்பவர்கள் வேலிக்கென்றோ அழகுக்கென்றோ இதன் கிளையைக் கூடக் கொண்டுவர வேண்டாம்.

இராட்சதத் தொட்டாற்சுருங்கி: 1990களில் கண்டியில் மகாவலிக் கரையில் காணப்பட்டது. நாம் அறிந்த தொட்டாற்சுருங்கி போலவே இலை சுருங்கும். ஆனால் இது முள்ளோடு ஆளை விட உயரமாக வளரும் புதர். காய் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் மிதந்து போகும். ஆற்று மணலோடும் விதை வரும். வீடு கட்ட, மலசலகூடம் கட்ட மணல் இறக்கிய இடத்தை மழைக்குப் பிறகு ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

பார்த்தீனியம்: 1980களின் கடைசியில் வடக்கில் வந்து சேர்ந்தது. கரட் இலை போல வெட்டு வெட்டான இலை, நுனியில் சின்ன வெள்ளைப் பூ. தோலில் பட்டால் சொறியும், சிலருக்கு இழுப்பும் வரும். வெளியூரிலிருந்து மாட்டெருவோ ஆட்டெருவோ வாங்கிப் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஒரு பீலியின் கதை

நாம் வேலை செய்யும் பகுதியில் ஒரு டிவிசன். மேல் லயத்துக்கு ஒரே பீலிதான். ஊற்றைச் சுற்றிக் காட்டுச் சூரியகாந்தியும் கொடியும் அடர்ந்து தண்ணீர் நூலாக வரத் தொடங்கியது. இளைஞர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்தார்கள். காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் அடியோடு ஒட்ட வெட்டினார்கள். வெட்டியதைப் பக்கத்துக் கானில் தள்ளினார்கள். இடம் பளிச்சென்று ஆனது. எல்லோரும் பிளேன்ரீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால், வெட்டிய அடித்தண்டு ஒவ்வொன்றிலும் நாலைந்து கிளை. கானில் தள்ளிய தண்டுகள் தண்ணீரோடு போய்க் கீழ் லயத்துப் பக்கத்திலும் முளைத்திருந்தன. மேலே இருந்த தொல்லை கீழேயும் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அந்த டிவிசனின் மாதர் சங்கத்தில் ஒரு வயதான அம்மா சொன்ன வார்த்தையை நாம் மறக்கவில்லை. "தலையை வெட்டினா அது சாகாது தம்பி. நாம மலையில செய்யற மாதிரி வேரோட எடுக்கணும். எடுத்திட்டு அடுத்த மாசமும் போகணும்." அப்படியே செய்தார்கள். பெரிய சிரமதானம் வைக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, லயத்துக்கு ரெண்டு பேர், ஒரு மணித்தியாலம். வேரோடு பிடுங்கியதைப் பாறை மேல் போட்டுக் காய வைத்தார்கள். புதிதாக முளைத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்ணி ஒரு கொப்பியில் குறித்தார்கள். முதல் வருடம் முடியும்போது கைகளுக்கு வேலை பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாம் வருடம் பீலித் தண்ணீர் பழையபடி விழுந்தது.

பெரிய கூட்டம் கூடி ஒரு நாளில் செய்யும் வேலையை விட, சின்னக் கூட்டம் விடாமல் செய்யும் வேலையே இந்தச் செடிகளை வெல்லும். இந்தக் கதையில் நாம் படிக்க வேண்டியது அதுதான்.

எப்படிச் செய்வது?

1. முதலில் ஒரு நடை. கத்தி எடுக்காமல் டிவிசனைச் சுற்றி வாருங்கள். வயதானவர் ஒருவர், புல்லு வெட்டும் பெண்கள் இருவர், படிக்கும் பிள்ளைகள் சிலர் போதும். "இது முன்னே இருந்ததா?" என்று பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். லயம், பீலி, கான், பிள்ளை மடுவம், கோயில் எல்லாம் குறித்த ஒரு சின்னப் படத்தில் செடி உள்ள இடங்களைக் குறியுங்கள்.

2. கொஞ்சமாக உள்ள இடத்தில் தொடங்குங்கள். அடர்ந்த புதரைப் பார்த்ததும் அதில்தான் கை போகும். ஆனால் நாலு செடி உள்ள இடத்தை முதலில் துப்புரவாக்கினால் அந்த இடம் தப்பும். நாலு நாற்பதாக விடக் கூடாது. அடர்ந்த இடத்தை ஓரத்திலிருந்து உள்ளே போகலாம்.

3. மேலிருந்து கீழே வாருங்கள். தண்ணீரும் விதையும் கீழ்நோக்கித்தான் போகும். கீழே துப்புரவு செய்து மேலே விட்டால் வேலை வீண்.

4. பூக்கு முன்னே பிடுங்குங்கள். விதை விழுந்துவிட்டால் அடுத்த பல வருடத்துக்கு வேலை வைத்துவிட்டது என்று அர்த்தம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இளஞ்செடி வேரோடு வரும். பூத்துவிட்டால் முதலில் பூவையும் காயையும் ஒரு சாக்கில் வெட்டிச் சேர்த்துவிட்டு, பிறகு செடியைப் பிடுங்குங்கள்.

5. பிடுங்கியதைக் கவனமாகப் போடுங்கள். கானிலோ ஆற்றிலோ தள்ளக் கூடாது. பாறை மேலோ, மண் தொடாதபடி தடி அடுக்கியோ காய வையுங்கள். மேற்குப் பக்கத்து மலைகளில் தை, மாசி, பங்குனி வெயில் இதற்கு நல்லது. ஊவாப் பக்கத்தில் ஆனி முதல் ஆவணி வரை. பூக்காத காட்டுச் சூரியகாந்தியின் இலையை மட்டும் உருவி மரக்கறிப் பாத்திக்குப் போடலாம், கூட்டெருவிலும் சேர்க்கலாம்.

6. இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறும் மண்ணில் முதலில் முளைப்பது அதே செடிதான். சரிவில் ஒரே நாளில் எல்லாவற்றையும் சுரண்டினால் மழைக்கு மண்ணும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் வெட்டிவேரோ குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ வையுங்கள். தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்றக் குவாத்தமாலாவும் மானாவும் நடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

7. திரும்பிப் போங்கள். ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, வருடத்தில் ஒரு தடவை. நாள் குறித்துப் பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதிப் போட்டால் மறக்காது.

கவனிக்க வேண்டியவை

சிரமதானம் வேறு, தோட்டத்து வேலை வேறு. லயத்தைச் சுற்றி, பீலியில், பிள்ளை மடுவத்தில், வீட்டுத் தோட்டத்தில் நாம் கூடிச் செய்வது நமக்காக. கொழுந்து மலையில் புல்லு வெட்டுவது தோட்டத்து வேலை, அதற்குப் பேர் உண்டு. அங்கே புதுச் செடி கண்டால் கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லி, பேர் போட்டுச் செய்விக்கச் சொல்லுங்கள். தலைவர்மாரும் இதைக் கூட்டங்களில் பேச வேண்டும்.

மருந்து அடிப்பதை நம்பி இருக்க முடியாது. களைகொல்லியான கிளைபோசேட் 2015இல் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி கிடைத்தது. அதன் பின்னரும் தடையும் தளர்வும் மாறி மாறி வந்தன. மருந்து வந்தாலும் வராவிட்டாலும் கையும் கண்ணும் நம்மிடம் இருக்கின்றன. ஊற்றுக்குப் பக்கத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. மருந்து கானை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் பிடிக்கவும் கூடாது.

புதரில் கை வைக்கு முன் குளவிக் கூடு இருக்கிறதா என்று தூர நின்று பாருங்கள். கண்டால் கல் எறியாமல், புகை போடாமல், ஒதுங்கிப் போய்த் தோட்ட ஆபீசுக்குச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுதும் வேலையும் எண்ணும் வேலையும் போதும், கத்தி வேண்டாம்.

நெருப்பு வைக்க வேண்டாம். நெருப்பு நல்ல செடியையும் சேர்த்து அழிக்கும், எரிந்த மண்ணில் இந்தச் செடிகள்தான் முந்திக்கொண்டு வரும்.

அரச காட்டுக்குள்ளே நாமாகப் போய் எதையும் பிடுங்கக் கூடாது. அங்கே கண்டதை வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்ல வேண்டும். பெயர் தெரியாத செடியானால் பூவோடும் இலையோடும் ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளில் மடித்து, உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொடுங்கள். செடிகளுக்குக் கேடு செய்பவை நாட்டுக்குள் வராமலும் பரவாமலும் தடுக்க 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் நம் லயத்துப் பின்பக்கத்தை வந்து பார்க்காது. பார்க்க வேண்டியவர்கள் நாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

பெருமக்களே! இந்த மலைகளில் காடு வெட்டி, கல் உடைத்து, கான் வெட்டி, தேயிலை நட்டவர்கள் நம் முன்னோர்கள். எந்தச் சரிவில் எந்தச் செடி நின்றது என்பதை நம்மளவு அறிந்தவர்கள் யாருமில்லை. அந்த அறிவு பெரியவர்களோடு போய்விடாமல் பிள்ளைகளின் கொப்பியில் ஏற வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உங்கள் பீலியிலிருந்து ஊற்று வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பெயர் தெரியாத செடி ஒன்று அங்கே புதிதாக நின்றால், அது பூக்கு முன்னே நமக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.